பறவைக்கு எண்ணத் தெரியாது

நம் பள்ளித் தோழிகள் குழுவில் விடிந்ததும் விடியாததுமாக வந்து விழுகிற பறவைப் படங்களை நான் திறந்து பார்ப்பதே இல்லை. போன வாரம் உங்களில் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். "ஏனம்மணி, நாலு மணிக்கு எந்திரிச்சு, மகன் வாங்கிக் குடுத்த கேமராவத் தூக்கிட்டுப் போயி, பனியில நின்னு எடுத்துப் போடறேன். ஒரு கும்புடாச்சும் போடக் கூடாதா? அவ்வளவு ராங்கியா உனக்கு?"

ராங்கி எல்லாம் இல்லை. எனக்குப் பறவைகளைப் பிடிக்கும். எங்கள் வீட்டு முருங்கையில் குந்துகிற தவிட்டுக்குருவிகளுக்குத் தினமும் சோறு வைக்கிறவள் நான். காலை வெளிச்சத்தில், தண்ணீர் ஓரத்தில் எடுத்த படங்கள்தான் ஆகாது. அந்த மஞ்சள் வெளிச்சத்தைக் கண்டால் இந்த வயதிலும் உள்ளங்கால் சில்லிட்டுப் போகிறது. ஏன் என்று வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். உங்களுக்கென்ன, எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், உட்கார்ந்து படியுங்கள்.

என் அப்பா பெருந்துறையில் ஸ்டூடியோ வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். நம் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை எடுத்தவர் அவர்தான். சீர், கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், நாற்காலியில் உட்கார்த்தி வைத்த பிணம், எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு எடுப்பார். ஆனால் அவருக்குள்ளே ஓர் ஆசை இருந்தது. அசையாமல் நில்லுங்கள் என்று சொல்ல முடியாத ஒன்றைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அது. நாம் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், கோயமுத்தூரில் அச்சகம் வைத்திருந்த ஒருவர், பறவைகளை வைத்து ஒரு காலண்டர் போடலாம், பன்னிரண்டு படம் கொடுங்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

மொபட்டில் அரைமணி தூரத்தில் ஓர் ஏரி இருந்தது. பறவைக் காப்பகம் என்று வனத்துறை பலகை வைத்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஏரிக்கு நடுவில் கருவேல மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். தை மாசி மாதங்களில் அந்த மரங்களில் இலை தெரியாது, கூடுதான் தெரியும். நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, எல்லாம் ஒரே மரத்தில் அடுக்கடுக்காக. ரேஞ்சரிடம் அப்பா அனுமதிக் கடிதம் வாங்கினார். கோட்டைமேட்டில் கேமரா ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் அப்பாவுக்கு நெடுநாள் சிநேகிதம். அவர் தன் கடையில் இருந்த நீளமான லென்ஸ் ஒன்றை, "பத்தரமாக் கொண்டாங்க, அது போதும்" என்று கொடுத்துவிட்டார். அதோடு ஒரு யோசனையும் கொடுத்தார். என் கதை அந்த யோசனையில்தான் ஆரம்பிக்கிறது.

பாய் சொன்னதை அப்பா அன்று இரவுச் சாப்பாட்டில் எங்களுக்கு நடித்தே காட்டினார். "பறவைக்குக் கண்ணு உண்டுங்க, கணக்குத்தான் வராது. நீங்க ஒரு மறைப்பு கட்டி உள்ள போனா, அது பாத்துட்டே இருக்கும். நீங்க வெளிய வர வரைக்கும் கூட்டுக்கு வராது. அதனால ரெண்டு பேரு உள்ள போங்க. ஒருத்தரு மட்டும் வெளிய வந்து, அது பாக்கற மாதிரி நடந்து போயிருங்க. 'சரி, வந்த சனியன் போயிருச்சு'ன்னு அது பாட்டுக்கு வந்து உக்காந்துக்கும். ரெண்டு பேரு போனதும் ஒருத்தரு வந்ததும் அதுக்கு எண்ணத் தெரியாது."

போய்வருகிற அந்த ஒருவர் யார்? ஸ்டூடியோவைத் திறக்க ஆள் வேண்டும் என்பதால் உதவியாளரை அழைத்துப் போக முடியாது. என் அண்ணன் எட்டு மணிக்கு முன் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார்.

"அம்மணி வரட்டும். அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

அம்மா, "ஏனுங்க, பொட்டப் புள்ளையப் பனியில இழுத்துட்டுப் போறீங்களே. உங்களுக்கே குளுருன்னா இழுப்பு வந்துருது" என்றாள். அப்பாவுக்கு அந்த மூச்சிழுப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு. இருட்டறை மருந்து வாடை வேறு. "மாத்திரை சோப்புலயே இருக்குது, ஒண்ணும் ஆகாது" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

எனக்குப் பயம் தெரியாது என்று அப்பா எதை வைத்து முடிவு செய்தார் என்பது இன்றும் விளங்கவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் அவரோடு மணிக்கணக்காக நிற்பேன், அதை வைத்துத்தான் இருக்கும். அங்கே அவர் பக்கத்தில் இருந்தார், அதனால் நின்றேன். பெரியவர்களுக்கு இந்தச் சின்னக் கணக்கு ஏனோ வருவதில்லை.

முதல் நாள் காலை நன்றாக நினைவிருக்கிறது. குல்லா, அண்ணனுடைய ஸ்வெட்டர், மேலே அம்மாவின் பழைய சால்வை. மொபட்டில் அப்பாவின் முதுகில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு போனேன். ஏரிக்கரையில் வனத்துறை வாச்சர் சாக்கைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார். அப்பாவை அவர் போட்டோக்காரரே என்றுதான் கூப்பிடுவார். கரையிலிருந்து இருநூறு எட்டு தள்ளி, தண்ணீருக்குள் ஒரு மண்திட்டு. அதன்மேல் மூங்கில் நட்டு, கோணிச்சாக்கு சுற்றி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மறைப்பு கட்டியிருந்தார் வாச்சர். பறவைகளுக்குப் பழக வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே கட்டிவிட்டார்.

"முழங்கா தண்ணிதானுங். ஆனா குச்சி நட்டிருக்கறன் பாருங், அந்தக் குச்சிய ஒட்டியே நடக்கோணும். வெள்ளாமக் காட்டுக்கு வண்டல் வெட்டுன குழி ரெண்டு பக்கமும் கெடக்குது. அதுல கால வுட்டா ஆள் மட்டம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் வாச்சர். எனக்கு நீச்சல் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. யாரும் அதைக் கேட்கவில்லை.

போகும்போது அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. காலடியில் சேறு விரல்களுக்கிடையே பிதுங்கி வந்தது. மீன் நாற்றமும் எச்சத்தின் சுண்ணாம்பு நாற்றமும் மூக்கை அடைத்தன. மறைப்புக்குள் அப்பாவை உட்காரவைத்து, கேமரா முக்காலியை ஊன்றி, பிளாஸ்கைப் பக்கத்தில் வைத்தோம். பிறகு அவர் ஒரு வெள்ளைத் துண்டை என் தலையில் போட்டார்.

"இதைப் போட்டுட்டு நடந்து போ கண்ணு. எல்லாப் பறவையும் பாக்கோணும். மெதுவாப் போகோணும். ஓடக் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது. கரையில போயி உக்காந்துக்க. கழுத்துல கெடக்கற இந்த விசிலை நான் அடிச்சா மட்டும் வா."

"சரீங்ப்பா."

"பயமா?"

"இல்லீங்ப்பா."

அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சொல்கிறேன் கேளுங்கள், பயத்தில் ஓடலாம் என்றால் அது பாதிப் பயம்தான். ஓடக் கூடாது, ஒளியக் கூடாது, எல்லாக் கண்ணும் பார்க்கும்படி மெதுவாக நடக்க வேண்டும் என்றால் அந்தப் பயத்துக்குப் பேரே வேறு. மரங்களிலிருந்து வக்காக்கள் தொண்டையைக் காறுகிற மாதிரி கத்தின. கூழைக்கடாக் குஞ்சுகள் முனகுவது ஆள் முனகுவது போலவே கேட்டது. பாதி வழியில், என் இடப்பக்கம் தண்ணீரிலிருந்து ஒரு பாம்பு தலையை நீட்டி என்னைப் பார்த்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அது முங்கியது. அடுத்த நிமிடம் வலப்பக்கம் எழுந்தது. பாவாடை முழுக்க நனைந்ததற்கு ஏரித் தண்ணீர் மட்டும் காரணமில்லை என்பதை இத்தனை வயதுக்குப் பின் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அது பாம்பில்லை. பாம்புத்தாரா என்ற பறவை, உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் வெளியே நீட்டும். வாச்சர் சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மறுநாளும் அது வந்தது. பறவை என்று தெரிந்த பிறகும் என் கால்களுக்கு அது பாம்பாகத்தான் இருந்தது.

சனி, ஞாயிறு, பள்ளி இல்லாத நாள், சில சமயம் பள்ளி இருக்கும் நாளும். அந்த மாதங்களில் நான் வகுப்பில் தூங்கி வழிந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். டீச்சர் என்னை நிற்க வைத்தபோது முதல் பெஞ்சிலிருந்து சிரித்தவள் யார் என்றும் எனக்கு நினைவிருக்கிறது.

நல்லவையும் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். கரையில் வாச்சர் மூட்டும் சுள்ளித்தீ. பிளாஸ்கில் மிச்சமிருக்கும் சுக்குக் காப்பி. கருப்பு மூடி போட்ட ஃபிலிம் டப்பாக்கள். அந்த டப்பாக்கள் இன்று எங்கே போயின என்று நீங்கள் யாராவது யோசித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் திருநீறு ஒன்றில், உப்பும் மிளகாய்த்தூளும் ஒன்றில், ஊக்கு ஒன்றில். நான் கொய்யாக்காய்க்கு உப்புத்தூள் டப்பாவைக் கரைக்குக் கொண்டுபோய்விடுவேன். சூரியன் மரத்துக்கு மேலே வந்ததும், மஞ்சள் மூக்கு நாரைகள் இறக்கையை விரிக்கும்போது உள்ளே ஒரு ரோஜா நிறம் தெரியும். அதைப் பார்க்கிற நேரத்தில் மட்டும் அந்தப் பாம்பை மறந்திருப்பேன்.

மூன்றாவது வாரம் நான் ஒரு தப்புச் செய்தேன். கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மறுகரையில் எருமை இறங்கிவிட்டது என்று வாச்சர் விரட்டப் போயிருந்தார். பின்னாலிருந்து ஒரு நாய் உறுமியது. திரும்பினால் மூன்று நாய்கள். நான் யோசிக்கவே இல்லை. தண்ணீரில் இறங்கி, அப்பா அப்பா என்று கத்திக்கொண்டு மறைப்பை நோக்கி ஓடினேன்.

ஏரியே எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அத்தனை இறக்கைகளும் ஒரே சமயம் அடித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூடுகள் எல்லாம் காலியாகின. அந்தக் காலிக் கூடுகளுக்கு எங்கிருந்துதான் காக்கைகள் வந்தனவோ. ஒன்று ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு போனது. இன்னொன்று இன்னொரு கூட்டில் குனிந்து கொத்தியது. கீழே ஒரு நாரைக் குஞ்சு தண்ணீரில் விழுந்து, கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, அடங்கிப்போனது.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். மறைப்பிலிருந்து வெளியே வந்து, என் தோள்களைப் பிடித்துக் கூடுகளின் பக்கம் திருப்பினார்.

"பாரு. நல்லாப் பாரு. இது நீ பண்ணுனது."

"நாய் வந்துச்சுங்ப்பா."

"நாய் வந்தா வாச்சரைக் கூப்புடு. வானமே இடிஞ்சு வுழுந்தாலும் விசில் கேக்காம தண்ணில கால வெக்கக் கூடாது. இத்தன உசுரும் உன்னால போச்சு பாத்தயா?"

இன்று யோசித்தால், அந்த முட்டைகள் என்னால் மட்டும் போகவில்லை. கூட்டுக்கு அவ்வளவு அருகில் மறைப்பு கட்டியதே தவறு. இப்போது எந்தக் காப்பகத்திலும் அப்படி விடமாட்டார்கள். அன்று ரேஞ்சருக்கும் தெரியவில்லை, வாச்சருக்கும் தெரியவில்லை, பறவைகளைச் சாமி மாதிரி நினைத்த அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம். நான் நான்கு நாள் முட்டை சாப்பிடவில்லை. அம்மா வயிற்றுக்கோளாறு என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மாசிக் கடைசி. பதினோரு படம் தேறிவிட்டது, பன்னிரண்டாவது மட்டும் பாக்கி. கூழைக்கடா குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அன்று பனி கனமாக இறங்கியிருந்தது. மொபட்டில் போகும்போதே அவர் முதுகுக்குள் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் என் கன்னத்தில் கேட்டது. "அப்பா, இழுக்குதுங்களா?" என்று கேட்டேன். "சளிதான் கண்ணு" என்றார்.

வழக்கம்போல் இருவரும் உள்ளே போனோம், நான் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பினேன். பாம்புத்தாரா வந்தது, போனது. கரையில் உட்கார்ந்தேன். வாச்சர் மறுகரைப் பக்கம் சுற்றப் போய்விட்டார். வெளிச்சம் மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பறவைகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குத் திரும்பின. எல்லாம் சரியாக நடந்தது.

தூரத்து நூல் மில்லில் ஆறரைச் சங்கு ஊதியது. அந்தச் சங்கு ஓய்கிற நேரத்தில், மறைப்பின் பின்பக்கம், அதாவது கரையைப் பார்த்த பக்கம், சாக்கு விலகி ஒரு கை வெளியே வந்தது. அப்பாவின் கை. கைக்கடிகாரம் மின்னியது. அந்தக் கை ஆடியது.

இப்போது சொல்லப்போவதைத்தான் நானாக யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கை என்னைக் கூப்பிடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. சந்தேகமே இல்லை. மறைப்பிலிருந்து கையை நீட்டுவது அப்பா ஒருநாளும் செய்யாத காரியம். என்னவோ ஆகிவிட்டது என்று அப்போதே புரிந்தது. நான் எழுந்தேன். தண்ணீரில் ஒரு காலை வைத்தேன். விசில் வரவில்லை.

இரண்டு பக்கமும் குழி. மேலே அத்தனை கூடுகள். எல்லாக் கூட்டிலும் குஞ்சு. நான் போனால் எல்லாம் எழும், காக்கை வரும், அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பி, பாரு என்பார். காலை எடுத்துவிட்டேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். வாச்சரைக் கூப்பிட வாயைத் திறந்தால், கத்தினால் பறவைகள் எழுந்துவிடுமே என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். ஒரு விசில் அடியுங்களேன் அப்பா, ஒரே ஒரு விசில் அடியுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். மூச்சு இருக்கிறவரால்தான் விசில் ஊத முடியும். அந்த ஏற்பாட்டைச் செய்தபோது இழுப்புக்காரரான அவருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

கை ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக ஆடியது. பிறகு நின்றது.

சாக்குக்கு வெளியே அது சும்மா தொங்கியது. அந்தக் கைக்கு ஒரு முழம் தள்ளி, மூங்கில் முனையில், ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்தது. இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்தது. கை அசையவில்லை. ஒரு பறவை இவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்வதற்காக இரண்டு மாதம் பனியில் கிடந்தவர் என் அப்பா. அந்தப் பறவை அவரை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த பயத்தின் முன்னால் முட்டை, காக்கை, குழி, பாம்பு எல்லாம் ஒன்றுமில்லாமல் போயின. கரைமேல் ஏழு மணி டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் தண்ணீரில் இறங்கினேன்.

குச்சிகளைப் பார்த்தேனா என்று தெரியாது. ஒருமுறை இடுப்புவரை இறங்கி மீண்டேன். தலைக்கு மேலே ஏரி மொத்தமும் எழுந்து சுற்றியது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறைப்பின் சாக்கை விலக்கியபோது அப்பா மூங்கிலில் சாய்ந்து, வாயைத் திறந்து, தோள் இரண்டையும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உதடு நாவல்பழ நிறம். கண் என்னைப் பார்த்தது. உயிரோடு இருந்தார்.

"அப்பா" என்றேன். அவரால் பேச முடியவில்லை. சட்டைப் பையை விரலால் காட்டினார். பொத்தான் போட்ட பையைத் திறக்க அவர் விரல்களுக்குத் தெம்பு இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். மாத்திரை அங்கேயேதான் இருந்தது. எடுத்து வாயில் போட்டு, பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது. காற்று வரட்டும் என்று சாக்குகளைப் பிடித்து இழுத்துக் கிழித்துப் போட்டேன். அவர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து என் வாயில் வைத்து ஊதினேன். வாச்சர் மறுகரையிலிருந்து ஓடிவரும்வரை நிறுத்தவே இல்லை.

வாச்சர் அப்பாவை முதுகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். பால் வண்டி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டு, குழாய் வைத்து, மதியத்துக்குள் அப்பா பேச ஆரம்பித்தார். டாக்டர் அம்மாவிடம், "இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டமுங்கம்மா. உங்க புள்ள புத்திசாலி, ஒடனே போயிருக்குது" என்றார்.

உடனே. அந்தச் சொல் என்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர்கள் வந்தபோதெல்லாம் அப்பா கட்டிலில் இருந்தபடி அதையே சொன்னார். "கையத்தான் நீட்டுனேன். ஒடனே ஓடியாந்துட்டா. இத்துனூண்டு பொடுசு." பள்ளியில் பிரேயரில் என்னை மேடையேற்றிக் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். நான் ஆறரைச் சங்குக்கும் ஏழு மணி பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த அரைமணி நேரத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா செத்திருந்தால் நான்தான் கொன்றிருப்பேன் என்று தினமும் படுக்கும்போது நினைத்துக்கொள்வேன். கல்யாணமாகிப் போன பிறகும் அது நிற்கவில்லை.

காலண்டர் வந்தது. பதினோரு படம் அப்பாவுடையது, பன்னிரண்டாவது மாதத்துக்கு யாரோ எடுத்த மயில். லென்ஸை அப்பா பாய்க்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அவர் எந்தப் பறவையையும் படம் எடுக்கவில்லை. காலண்டரை வீடு மாற்றும்போது எங்கேயோ விட்டுவிட்டோம். விசிலும் போனது. நான் தேடவில்லை.

அப்பா அதற்குப் பின் முப்பது வருடம் இருந்தார். ஸ்டூடியோவை மூடிவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். என் மகளுக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் விடியற்காலை பால் தீர்ந்துவிட்டது. தெருமுனைக் கடைக்குப் போய்வா என்று மகளை அனுப்பினேன். தெருவிளக்கு எரியவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வாசலை மறித்துக்கொண்டார்.

"இருட்டுல புள்ளையத் தனியா அனுப்பாத."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "இதுதானுங்ளா அப்பா தூரம்? என்னைய நீங்க எந்த இருட்டுல அனுப்புனீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

அவர் என் மகளிடம், "உள்ள போ சாமி, செருப்ப மாட்டிட்டு நிக்காத" என்றார். அவள் உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு நான் கைய நீட்டுனப்ப நீ வரல. பாத்தயோ இல்லயோன்னு லென்ஸைக் கரப்பக்கம் திருப்பிப் பாத்தேன். உன்ற மூஞ்சி அதுல எம்மாம் பெருசாத் தெரிஞ்சுது தெரியுமா. துண்ட வாயில அடச்சுட்டு அழுதுட்டிருந்தே. ஏழு வாட்டி தண்ணில கால வெச்சே, ஏழு வாட்டி எடுத்தே. நான் எண்ணுனேன்."

முப்பது வருடம் நான் ஒளித்து வைத்திருந்ததை அவர் முதல் நாளிலிருந்தே பார்த்திருக்கிறார்.

"அப்பறம் எதுக்குங்ப்பா எல்லாருத்துகிட்டயும் ஒடனே வந்துட்டான்னு சொன்னீங்க?"

"பின்ன என்னன்னு சொல்றது? என்ற புள்ளைக்குப் பயமே இல்லைன்னு ரெண்டு மாசம் அந்தத் தண்ணில உன்னத் தனியா நடக்கவுட்டவன் நானு. நீ எப்படிப் பயந்தேங்கறத அன்னைக்குத்தான் பாத்தேன்." மூச்சு வாங்கியது. சற்று நின்று சொன்னார். "அதப் பாத்தப்பறம் உன்னக் கூப்புட எனக்கு மனசு வரல. நீ அப்படி நடுங்கிட்டு ஒண்ணும் வர வேண்டாம்னுதான் கைய ஆட்டறத நிறுத்திப்போட்டேன்."

அந்தக் கை நின்றதைப் பார்த்துத்தான் நான் இறங்கினேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்து, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.